ஒரே நாளில் பல்: கையெழுத்துப் போடும் முன்

திருச்செங்கோட்டிலிருந்து போர்வெல் வண்டியோடு வடமாநிலம் போகிறவர் ஊர் திரும்ப மாதக்கணக்காகும். நாமக்கல் லாரி ஓட்டுநருக்கும் ஏறக்குறைய இதே பாடுதான். கிடைக்கிற நாலு நாள் விடுப்பில் பல்லைப் பிடுங்கி, அன்றே இம்ப்ளான்ட் வைத்து, மேலே பல்லும் மாட்டிவிடலாம் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது?

சிகிச்சை பொய்யில்லை. பிடுங்கிய குழியிலேயே டைட்டானியம் திருகை இறக்கி, ஒரு வாரத்துக்குள் தற்காலிகப் பல் மாட்டுவது உலகெங்கும் நடக்கிறது. ஆனால் அந்தப் பல் பார்வைக்கு, மெல்லுவதற்கு அல்ல. 1965இல் ஸ்வீடனில் முதல் நோயாளிக்கு இம்ப்ளான்ட் வைத்த பிரோனேமார்க், பிறகு வகுத்த முறையில் கீழ்த்தாடைக்கு 3 மாதம், மேல்தாடைக்கு 6 மாதம் வரை காத்திருந்தார். எலும்பு திருகைப் பற்ற நாளாகும். முதல் நாள் திருகு இறுக்கமாகத்தான் இருக்கும். அடுத்த 2 முதல் 4 வாரத்தில் பழைய எலும்பு கரைந்து புது எலும்பு ஊறும்போது பிடி தளரும். அந்த நேரம் பார்த்துத்தான் நம்மவர் எங்கோ ஒரு தாபாவில் ரொட்டியைக் கடித்து இழுத்துக்கொண்டிருப்பார். திருகு அசைந்தால் சுற்றிலும் எலும்புக்குப் பதில் நார்த்திசு வளரும். பிறகு கழற்றத்தான் வேண்டும்.

எல்லோருக்கும் இது பொருந்தாது. கட்டுக்கடங்காத சர்க்கரை, பீடி, ஹான்ஸ் போன்ற புகையிலை, தூக்கத்தில் பல் நறநறவெனக் கடிக்கும் பழக்கம், குழியில் சீழ், எலும்புத் தேய்மானத்துக்கு ஊசி மருந்து: எது இருந்தாலும் மறைக்காமல் சொல்லுங்கள். திருகை இறக்கியபோது எவ்வளவு இறுக்கம் கிடைத்தது என்று கேளுங்கள். 35 நியூட்டன் சென்டிமீட்டர் என்பது பலர் வைத்திருக்கும் அளவு; அது கிடைக்காவிட்டால் அன்றே பல் மாட்டாமல் விடுவதே நல்ல மருத்துவம். மாட்டியதும் நீலத்தாளை வைத்துக் கடிக்கச் சொல்வார்கள். தற்காலிகப் பல்லில் நீலம் ஒட்டினால் எதிர்ப்பல் இடிக்கிறது என்று பொருள்; ராவித் தரச் சொல்லுங்கள்.

ஒப்புதல் படிவம் உங்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். ஆபத்தும் மாற்றுவழியும் சொல்லாமல் வாங்கும் கையெழுத்து முறையான ஒப்புதல் ஆகாது என்பதை உச்சநீதிமன்றம் 2008இல் சமீரா கோஹ்லி வழக்கில் தெளிவாக்கியது. மொத்தச் செலவு, திருகு நிலைக்காவிட்டால் மறுபடி வைக்க யார் பணம் தருவது, இரண்டையும் எழுதி வாங்குங்கள். திருகு வரும் டப்பாவில் கம்பெனி பெயர், தொகுதி எண் போட்ட ஸ்டிக்கர் இருக்கும். அதைக் கேட்டு வாங்கிக்கொண்டால், பின்னாளில் வழியில் நாக்பூரில் பார்க்கும் டாக்டருக்கும் என்ன திருகு என்று தெரியும்.

திருகு கழன்றதெல்லாம் டாக்டரின் தவறு என்று சட்டம் சொல்லாது; கவனக்குறைவை நீங்கள் காட்ட வேண்டும். சேலத்திலோ திருச்செங்கோட்டிலோ உள்ள பல் மருத்துவக் கல்லூரியில் எக்ஸ்ரேயைக் காட்டி எழுத்தில் கருத்துக் கேட்டுப் பாருங்கள். தொழில் ஒழுங்கு மீறல் என்றால் தமிழ்நாடு பல் மருத்துவக் கவுன்சிலுக்கு எழுதலாம். இழப்பீடு வேண்டுமென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். காசு கொடுத்துப் பெறும் சிகிச்சை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்பது 1995இலேயே முடிவான விஷயம். 2 ஆண்டுக்குள் போக வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமில்லை. வழி தெரியாவிட்டால் 1915க்குப் போன் போடுங்கள். பில், எக்ஸ்ரே, வாட்ஸ்அப் உரையாடல் எதையும் அழிக்காதீர்கள். கழன்று விழுந்த திருகையும் ஒரு டப்பியில் போட்டு வையுங்கள்.