பழைய காரும் ஆண்டுச் சோதனையும்

கூட்டுறவுச் சங்கத்தின் கணக்கை ஆண்டுதோறும் தணிக்கை செய்வது எதற்காக என்று நம் அங்கத்தினர் எவரும் கேட்பதில்லை. செயலாளர் எவ்வளவு நாணயமானவராக இருந்தாலும், வெளியிலிருந்து ஒருவர் வந்து பேரேட்டைப் புரட்டிப் பார்ப்பது அனைவருக்கும் நலம் என்பதை அனுபவம் நமக்குக் கற்பித்திருக்கிறது. இதைப் போன்றதொரு தணிக்கையைச் சாலையில் ஓடும் குடும்பக் கார்களுக்கும் சில நாடுகள் விதித்திருக்கின்றன. குறிப்பிட்ட வயதைத் தாண்டிய கார் ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு முறை பரிசோதகர் முன் நிற்க வேண்டும். அங்கே தேறினால்தான் சாலையில் ஓடலாம்.

பழைய கார் வாங்க எண்ணும் குடும்பம், "போன மாதந்தான் சோதனையில் தேறியது" என்னும் சொல்லைக் கேட்டு நம்பிக்கை கொள்வது இயல்பு. அந்நம்பிக்கை எந்த அளவுக்குத் தகும்? இம்முறை நெடுங்காலமாக வேரூன்றியுள்ள பிரிட்டனை உதாரணமாகக் கொண்டு இவ்வினாவை ஆராய்வோம்.

சோதனை தோன்றிய விதம்

1956-ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம் அளித்த அதிகாரத்தைக் கொண்டு, 1960-இல் பிரிட்டனில் இச்சோதனை தொடங்கிற்று. அந்நாளில் அதை நடத்திய போக்குவரத்து அமைச்சகத்தின் ஆங்கிலப் பெயரிலுள்ள முதலெழுத்துக்களைச் சேர்த்து, அதை எம்.ஓ.டி. என்று மக்கள் அழைத்தனர். அமைச்சகத்தின் பெயர் பிற்காலத்தில் மாறியது; சோதனையின் பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

முதலில் பத்தாண்டு நிரம்பிய வண்டிகளுக்கே சோதனை இருந்தது. பிரேக், விளக்குகள், ஸ்டியரிங் ஆகிய மூன்றையே பார்த்தனர். ஆனால் வந்த வண்டிகளுள் தவறியவை ஏராளமாக இருக்கவே, 1961-இலேயே வயது வரம்பு ஏழாண்டாகக் குறைக்கப்பட்டது. 1967-இல் அது மூன்றாண்டாயிற்று. 1968-இல் டயர்களும் பட்டியலில் சேர்ந்தன. மூன்றாண்டு வரம்பை நான்காக உயர்த்தலாமா என்று அரசாங்கம் 2023-இல் பொதுமக்களின் கருத்தைக் கேட்டு, பழைய வரம்பையே வைத்துக்கொள்வதென்று 2024-இல் முடிவு செய்தது.

பரிசோதகர் பார்ப்பவை

சோதனையில் எதையும் கழற்றிப் பார்ப்பதில்லை. கண்ணுக்கும் கைக்கும் கருவிக்கும் எட்டுவனவற்றையே பார்க்கிறார்கள். சக்கரங்களை உருளைகள் மேல் நிறுத்திச் சுழலவிட்டு, பிரேக்கின் பிடியை அளக்கிறார்கள். வண்டியின் எடையோடு ஒப்பிட்டால், 2010 செப்டம்பருக்கு முந்திய கார்களுக்கு அந்தப் பிடி நூற்றுக்கு 50-க்குக் குறையக்கூடாது. அதற்குப் பிந்திய கார்களுக்கு 58-க்குக் குறையக்கூடாது. டயரின் பள்ளம், அகலத்தின் நடு முக்கால் பாகத்திலேனும் சுற்றளவு முழுவதும் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்க வேண்டும்.

துருவுக்கும் முக்கிய இடம் உண்டு. குளிர்காலத்தில் சாலையில் பனி உறையாமலிருக்க அந்நாட்டில் உப்புத் தூவுகிறார்கள். அவ்வுப்பு வண்டியின் அடிப்பாகத்தை அரிக்கிறது. இருக்கைப் பட்டை, சஸ்பென்ஷன் முதலியவை பொருந்தும் இடங்களைச் சுற்றி 30 சென்டிமீட்டருக்குள் தகடு இற்றுப்போயிருந்தால் வண்டி தேறாது. இவற்றோடு புகை, விளக்குகள், கண்ணாடி, வைப்பர் ஆகியவையும் பார்க்கப்படுகின்றன. ஓடிய தூரமும் குறித்துக்கொள்ளப்படுகிறது.

2018 மே மாதம் முதல் குறைகள் மூவகையாகப் பிரிக்கப்பட்டுள்ளன. உடனடியாக ஆபத்தானவை, பெரியவை, சிறியவை என்பன அவை. முதலிரண்டில் ஒன்று இருந்தாலும் வண்டி தவறியதாகும். இவை தவிர, இன்று குறையென்று சொல்ல முடியாவிட்டாலும் விரைவில் குறையாகக்கூடியதைப் பரிசோதகர் எச்சரிக்கைக் குறிப்பாக எழுதிவைக்கிறார். பழைய கார் வாங்குவோர் இந்தக் குறிப்பை ஊன்றிப் படிக்க வேண்டும். காரணத்தைப் பின்னே காண்போம்.

பரிசோதகர் பாராதவை

எஞ்சின், கிளட்ச், கியர் பாக்ஸ் ஆகிய மூன்றின் நிலைமையும் இச்சோதனைக்கு உட்பட்டதன்று என்பது பலருக்கு வியப்பளிக்கும். பழைய காரில் குடும்பத்தின் சேமிப்பை விழுங்கக்கூடியவை பெரும்பாலும் இவைதாம். டைமிங் பெல்ட் அறுந்துபோகும் தறுவாயில் இருக்கும் வண்டியும் சோதனையில் தேறலாம். கிளட்ச் தேய்ந்த வண்டியும் தேறலாம். சாலையில் பிறருக்கு ஆபத்து விளைவிக்குமா என்பதே சோதனையின் கேள்வி. உரியவரை நடுவழியில் நிறுத்திவிடுமா என்பது அதன் கேள்வியன்று.

மறுபுறம், நல்ல வண்டியும் தவறக்கூடும். பிரிட்டனில் முதல் முயற்சியில் தவறும் கார்கள் பத்துக்கு மூன்று என்ற அளவை ஒட்டியிருக்கின்றன. காரணங்களுள் முன்னிற்பவை விளக்கு, சஸ்பென்ஷன், பிரேக், டயர் ஆகியவை. எரியாத பல்பையும் வழுக்கையான டயரையும் காண்பதற்குப் பரிசோதகர் வேண்டியதில்லை. உரியவர் சோதனைக்கு முந்திய நாள் வண்டியை ஒரு முறை சுற்றி வந்தாலே போதும். ஆகவே தேறியதெல்லாம் நம்பத்தக்க வண்டியுமன்று. தவறியதெல்லாம் தள்ளத்தக்க வண்டியுமன்று.

ஏடு சொல்லும் செய்தி

அப்படியானால் சோதனையால் பயன் என்ன? ஒரே ஆண்டின் சான்றில் அதைத் தேடினால் கிடைக்காது. பல ஆண்டுகளின் ஏட்டில் தேட வேண்டும். பிரிட்டனில் வண்டியின் பதிவு எண் தெரிந்த எவரும், 2005 முதல் அவ்வண்டி ஏறிய சோதனைகளின் விவரத்தைக் கட்டணமின்றிக் கணினி வழியே பார்க்கலாம். சோதனை நடந்த நாள், ஓடிய தூரம், முடிவு, தவறிய காரணம், எச்சரிக்கைக் குறிப்பு ஆகியவை அதில் இருக்கும்.

ஒரே மாதிரியான, ஒன்பது வயதான இரு கார்களைக் கற்பனை செய்துகொள்வோம். முதல் கார் இரு முறை தவறியிருக்கிறது. ஒரு முறை விளக்கு எரியவில்லை. இன்னொரு முறை டயர் தேய்ந்திருந்தது. இரண்டும் அந்த வாரத்திலேயே சரிசெய்யப்பட்டன. எழுதப்பட்ட எச்சரிக்கை எதுவும் மறு ஆண்டு ஏட்டில் இல்லை. இரண்டாவது கார் ஒரு முறையும் தவறியதில்லை. ஆனால் பின்புறப் பிரேக் குழாயில் துரு என்னும் குறிப்பு, ஆறாம் ஆண்டிலும் ஏழாம் ஆண்டிலும் எட்டாம் ஆண்டிலும் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது.

சான்றை மட்டும் பார்ப்பவர் இரண்டாவது காரை வாங்குவார். ஏட்டைப் படிப்பவர் முதல் காரை வாங்குவார். முதல் காருக்குரியவர் குறையைச் சொன்னதும் செலவு செய்தவர். இரண்டாமவர், சட்டம் கட்டாயப்படுத்தும் நாள் வரை செலவைத் தள்ளிப்போட்டவர். கண்ணுக்குத் தெரிந்த பிரேக் குழாய்க்கே செலவு செய்யாதவர், கண்ணுக்குத் தெரியாத எஞ்சின் எண்ணெயை உரிய காலத்தில் மாற்றியிருப்பாரா? சோதனை பாராத பகுதிகளின் நிலையையும் ஏடு நமக்கு மறைமுகமாக உணர்த்துவது இவ்வாறுதான்.

ஓடிய தூரமும் அவ்வாறே. ஆண்டுதோறும் ஒழுங்காக ஏறிவந்த எண் ஓராண்டில் திடீரென்று குறைந்திருந்தால், மீட்டரை யாரோ பின்னுக்குத் திருப்பியிருக்கலாம். அல்லது எழுதியவர் பிழை செய்திருக்கலாம். எதுவாயினும் விளக்கம் கேட்காமல் பணத்தை எடுத்து வைக்கலாகாது.

மாதிரி பெரிதா, பராமரிப்பு பெரிதா?

எந்தக் கம்பெனியின் கார் நல்லது என்பதே எல்லோரும் முதலில் கேட்கும் கேள்வி. ஜெர்மனியில் இச்சோதனை முதலில் மூன்றாம் ஆண்டிலும், பிறகு இரண்டாண்டுக்கு ஒரு முறையும் நடக்கிறது. அதன் முடிவுகளைத் தொகுத்து, டி.யூ.வி. என்னும் பரிசோதனைச் சங்கங்கள் மாதிரி வாரியாகவும் வயது வாரியாகவும் ஆண்டுதோறும் அட்டவணை வெளியிடுகின்றன. இரண்டு மூன்று வயதான கார்களில் பெருங்குறை உடையவை ஏறத்தாழ இருபதுக்கு ஒன்று; பன்னிரண்டு பதின்மூன்று வயதில் அது நான்கில் ஒன்றுக்கு மேற்படுகிறது. மாதிரிக்கு மாதிரி வேறுபாடு இருப்பது உண்மையே. எனினும், நெடுஞ்சாலையில் மிகுதியாக ஓடும் மாதிரிக்குக் குறை மிகுந்து காண்பதும், முதியவர்கள் சிறிது தூரமே ஓட்டும் மாதிரிக்குக் குறைந்து காண்பதும் இயல்பு. அட்டவணை ஒரு கூட்டத்தின் சராசரியைச் சொல்லும். நம் முன் நிற்கும் ஒரு காரைப் பற்றிச் சொல்லாது. சந்தையில் பருத்தியின் பொதுவான தரத்தைக் கேட்டறிந்த பிறகும், வாங்கப்போகும் பொதியைப் பிரித்துப் பார்க்கத்தானே செய்கிறோம்!

சோதிப்பவர் யார்?

பிரிட்டனில் பெரும்பாலான சோதனைகள் அனுமதி பெற்ற தனியார் பட்டறைகளிலேயே நடக்கின்றன. குறை கண்டுபிடிப்பவரும் அதைப் பழுது பார்த்துக் கூலி பெறுபவரும் ஒருவராகவே இருக்கலாம். இது பற்றி ஐயம் கொள்வோர், நகராட்சிகள் நடத்தும் சோதனை நிலையங்களை நாடுவதுண்டு. அங்கே பொதுமக்களின் வண்டிகளுக்குப் பழுது பார்க்கும் வேலை இல்லாததால், குறையை மிகைப்படுத்துவதில் யாருக்கும் ஆதாயம் இல்லை. கணக்கு எழுதுபவரே தணிக்கையாளராக இருத்தல் கூடாது என்னும் நம் கூட்டுறவு நெறியும் இதுவே அன்றோ?

நம் நிலை

நம் நாட்டில் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, சொந்த உபயோகக் காரின் பதிவு 15 ஆண்டுக்குச் செல்லும். பின்னர் சோதித்து ஐந்தைந்து ஆண்டுகளுக்குப் புதுப்பிக்கிறார்கள். சரக்கு வண்டிகளுக்கும் வாடகை வண்டிகளுக்குமே எப்.சி. என்னும் தகுதிச் சான்று, எட்டு வயது வரை இரண்டாண்டுக்கு ஒரு முறையும் அதன் பிறகு ஆண்டுதோறும் வேண்டியிருக்கிறது. எனவே எட்டு வயதான சொந்தக் காரை வாங்கும் நம்மவருக்கு, புகைச் சான்று நீங்கலாக, வெளியார் எவரும் எழுதிய ஏடு பெரும்பாலும் இராது.

இல்லாத ஏட்டுக்கு ஈடாகச் சில செய்யலாம். சர்வீஸ் செய்த பில்களை வரிசையாகக் கேட்டு வாங்கி, அவற்றில் எழுதிய கிலோமீட்டரை மீட்டரோடு ஒத்துப் பாருங்கள். விற்பவருக்கு வேண்டியவரல்லாத ஒரு மெக்கானிக்குக்குக் கூலி கொடுத்து, வண்டியை லிப்டில் ஏற்றி அடிப்பாகத்தையும் பிரேக் குழாய்களையும் பார்க்கச் சொல்லுங்கள். பிரிட்டன் சோதனை விட்டுவிடும் எஞ்சின், கிளட்ச், கியர் பாக்ஸ் ஆகியவற்றை, வண்டியை ஓட்டிப் பார்த்துத் தனியே சோதியுங்கள்.

வாங்கிய பிறகு நாமே ஒரு நோட்டுப் புத்தகம் தொடங்கலாம். ஆண்டுக்கு ஒரு நாள் குறித்து, பிரேக், டயர், விளக்கு, ஸ்டியரிங், துரு, ஓடிய தூரம் ஆகியவற்றைப் பார்த்து அதில் எழுதிவைத்தால், சென்ற ஆண்டு எழுதிய குறை இவ்வாண்டும் இருக்கிறதா என்பது உடனே தெரியும். இருக்குமானால் அது வண்டியின் குற்றமன்று, நம் குற்றமே. பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும் வண்டியில் அக்குற்றத்தை மறு ஆண்டுக்குத் தள்ளிவைப்பது சிக்கனமும் ஆகாது.