மரத்தில் படரும் சாம்பல் திட்டு நோயா?

மா, தென்னை போன்ற மரங்களின் அடிமரத்தில் தேமல்போலச் சாம்பல் திட்டுகள் படர்வதுண்டு. மரத்துக்கு நோய் வந்துவிட்டதென்று சிலர் சுரண்டுகிறார்கள். சிலர் சுண்ணாம்பு அடிக்கிறார்கள். பெரும்பாலும் அது லைக்கன்தான். செட்டிநாட்டுச் சமையலில் போடும் கல்பாசியும் ஒரு லைக்கனே.

ஒரு பூஞ்சையும் நுண்ணிய பாசியும் சேர்ந்து வாழும் உடல்தான் லைக்கன். பாசி வெயிலில் சர்க்கரை தயாரிக்கிறது. பூஞ்சை அதற்கு இடமும் ஈரமும் தருகிறது. மரத்தின் சாற்றை இது உறிஞ்சுவதில்லை. பட்டையில் ஒட்டி நிற்பதோடு சரி.

வெப்பநாடுகளின் மரப்பட்டைகளில் பரவலாக வாழும் ஒரு வகை, பிக்ஸின் கோகோஸ். மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போய்வந்த ஸ்வீடன் தாவரவியலாளர் ஓலோஃப் ஸ்வார்ட்ஸ் 1788இல் இதைப் பதிவுசெய்தார். நம் நாட்டுச் சமவெளிகளிலும் உண்டு. ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் அகல மடல்கள் வட்டமாகப் பரவி, பட்டையோடு அழுந்திக் கிடக்கும். மேலே மாவு தூவியது மாதிரிப் புள்ளிகள் இருக்கும். இதிலுள்ள லைக்சாந்தோன் என்ற பொருளால், கள்ளநோட்டு பார்க்கும் புறஊதா விளக்கில் மஞ்சளாக ஒளிரும்.

லைக்கனுக்கு வேர் கிடையாது. தண்ணீர், சத்து எல்லாம் மழையிலிருந்தும் காற்றுத் தூசியிலிருந்தும்தான். புகையில் வரும் உலோகங்களும் கூடவே உள்ளே போய்த் தங்கிவிடும். அதனால்தான் லக்னோவிலுள்ள தேசிய தாவரவியல் ஆய்வு நிறுவனத்தார் காற்று மாசை அளக்க பிக்ஸின் கோகோஸைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். பாரிஸ் நகரின் லக்சம்பர்க் பூங்காவில் லைக்கன்கள் செழித்திருப்பது நல்ல காற்றின் அடையாளம் என்று லைக்கன் ஆய்வாளர் வில்லியம் நைலாண்டர் 1866லேயே எழுதினார்.

அப்படியானால், திட்டு தெரிந்தாலே காற்று சுத்தம் என்று சொல்லலாமா? கூடாது. பிக்ஸின் கோகோஸ் ஓரளவு புகையைத் தாங்கும் வகை. நுட்பமான வகைகள் மறைந்த பிறகும் இது நிற்கும். ஆகவே எத்தனை வகை இருக்கிறது என்பதே கேள்வி.

சென்னை கோடம்பாக்கத்தில் இதைச் சோதிக்க விரும்பினால், ஆற்காடு சாலையோரம் ஒரு மரத்தையும் உள்தெருவில் அதே வகை, அதே பருமனுள்ள இன்னொன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். வெயில், ஈரம், பட்டையின் தன்மை ஆகியவையும் லைக்கனைப் பாதிக்கும் என்பதால் இந்த ஒப்பு முக்கியம். மார்பு உயரத்தில் நிறமும் வடிவமும் வேறுபடும் திட்டுகளை எண்ணுங்கள். சுண்ணாம்பு அடித்த மரத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.