ஆக்சிஜன் சென்சாரை மாற்றும் முன்

பெட்ரோல் காரில் செக் இன்ஜின் விளக்கு எரிகிறது. கலவையில் பெட்ரோல் போதவில்லை என்கிறது ஸ்கேனர். உடனே ஆக்சிஜன் சென்சாரை மாற்றிவிடுபவர்கள் அதிகம். பல நேரம் அது வீண் செலவு. சென்சார் தன் வேலையைச் சரியாகச் செய்ததால்தான் அந்த விளக்கே எரிந்திருக்கும்.

ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். புகையின் நச்சை நீக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் இந்த விகிதத்தை ஒட்டித்தான் நன்றாக வேலை செய்யும். அதனால் புகையில் மிஞ்சும் ஆக்சிஜனைச் சென்சார் உணர்ந்து சொல்ல, பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரத்தை இன்ஜினின் கணினியான இசியூ கூட்டிக் குறைக்கிறது. போஷ் நிறுவனத்தின் இந்தச் சென்சார் 1976-இல் வால்வோ கார்களில் வந்தது. வழக்கமான சிர்கோனியா சென்சார், காற்று மிஞ்சினால் 0.1 வோல்ட், பெட்ரோல் மிஞ்சினால் 0.9 வோல்ட் அளவில் காட்டும்; சூடான இன்ஜினில் இரண்டுக்கும் நடுவே ஓயாமல் ஏறி இறங்கும்.

இசியூ செய்யும் திருத்தத்துக்குப் பெயர் ஃப்யூயல் ட்ரிம். ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள 16 பின் சாக்கெட்டில் செருகும் சிறிய ப்ளூடூத் கருவியும் கைபேசியும் இருந்தால் வீட்டிலேயே அதைப் படிக்கலாம். பிளஸ் என்றால் பெட்ரோலைக் கூட்டுகிறது, மைனஸ் என்றால் குறைக்கிறது. உடனுக்குடன் மாறும் குறுகிய கால ட்ரிம்மையும் மெல்ல மாறும் நீண்ட கால ட்ரிம்மையும் கூட்டிப் பார்த்து, 10 சதவீதத்தைத் தாண்டினால் காரணம் தேடலாம். இ20 பெட்ரோல் போட்ட பழைய காரில் சில சதவீதம் பிளஸ் காட்டுவது இயல்பு. எத்தனால் எரியக் காற்று குறைவாகவே போதும்.

இந்தச் சோதனைக்கு வண்டியைத் திறந்த வெளியில்தான் நிறுத்த வேண்டும். மூடிய ஷெட்டில் தேங்கும் கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும். இன்ஜின் நன்கு சூடானதும் ஐடிலிங்கில் ட்ரிம்மைக் குறித்துக்கொண்டு, 2,500 ஆர்பிஎம்மில் பிடித்து மறுபடி பாருங்கள். உள்ளே போகும் காற்றை மாஸ் ஏர்ஃப்ளோ சென்சாரால் அளக்கும் வண்டிகளில் இந்த ஒப்பீடு மிகவும் பயன்படும். ஐடிலிங்கில் 20 சதவீதம் இருந்தது வேகத்தில் 4 ஆகக் குறைந்தால், வேக்குவம் ஹோஸிலோ கேஸ்கட்டிலோ காற்று கசிகிறது. ஐடிலிங்கில் அந்தக் கசிவு மொத்தக் காற்றில் பெரும்பங்கு. இன்ஜின் வேகமெடுத்து நிறையக் காற்றை இழுக்கும்போது அது அற்பம். மாறாக, சுமை கூடக்கூட ட்ரிம்மும் ஏறினால் பெட்ரோல் பம்பையோ ஃபில்டரையோ சந்தேகிக்கலாம். சென்சாருக்கு முன்னால் புகைக்குழாயில் விரிசல் இருந்தாலும் வெளிக்காற்று நுழைந்து பொய்யான அளவைக் காட்டும்.

கசிவைத் தேடச் சூடான இன்ஜின்மேல் கார்புரேட்டர் கிளீனரைத் தெளிக்கச் சொல்வார்கள். தீப்பிடிக்கும், வேண்டாம். ஹோஸ்களை ஒவ்வொன்றாகக் கையால் தடவி வெடிப்பு பாருங்கள். பழுதான ஹோஸை மாற்றி ஓட்டினால் குறுகிய கால ட்ரிம் முதலில் இறங்கும். நீண்ட கால ட்ரிம் சில பயணங்களில் மெல்லப் பூஜ்யத்தை நெருங்கும்.