குல்மார்க் பனிமலைக்குப் புறப்படுமுன்

கோபர்கைரனேயில் மார்கழி விடியலுக்கு ஒரு மெல்லிய சால்வை போதும். அதையே குளிர் என்று எண்ணி வளர்ந்த நம் குழந்தைகள், பள்ளித் தோழர்கள் காட்டும் படங்களைப் பார்த்துவிட்டு, “அப்பா, நாமும் பனியில் சறுக்கப் போகலாமே” என்று கேட்கிறார்கள். நியாயமான ஆசைதான். ஆயினும், ஓராண்டுச் சேமிப்பைச் செலவிட்டுக் காஷ்மீரத்தின் குல்மார்க் வரை சென்று, வறண்ட புல்வெளியைக் கண்டு திரும்பியவர்களும் உண்டு. 2024 ஜனவரியில் அவ்வூரில் பெரும்பாலான நாட்கள் பனியே இல்லை. மாதக் கடைசியில்தான் விழுந்தது. 2025 பிப்ரவரியில் அங்கு நடைபெறவிருந்த கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளும் பனிக் குறைவால் மார்ச்சுக்குத் தள்ளிவைக்கப்பட்டன. ஆகவே, அவ்வூர் மக்கள் எவ்வாறு சிந்திக்கிறார்களோ அவ்வாறே நாமும் சிந்தித்துப் பிரயாணத்தை வகுப்பது நலம்.

காஷ்மீர மக்களின் குளிர்காலக் கணக்கு டிசம்பர் 21-இல் தொடங்குகிறது. முதல் 40 நாட்கள் ‘சில்லை கலான்’ என்னும் கடுங்குளிர்; அடுத்த 20 நாட்கள் ‘சில்லை குர்த்’; கடைசி 10 நாட்கள் ‘சில்லை பச்சா’. முதல் நாற்பது நாட்களில் விழும் பனி உறைந்து நிலைத்துவிடும். பின்னர் விழுவது விரைவில் உருகும் என்பது அவர்களது அனுபவம். நமது பிள்ளைகளின் கிறிஸ்துமஸ் விடுமுறையோ இக்கணக்கின் தொடக்கத்திலேயே முடிந்துவிடுகிறது. இயன்றவர்கள் குடியரசு தினத்தை ஒட்டியோ, பிப்ரவரி முற்பகுதியிலோ செல்லலாம். சாலையோ விமானமோ பனியால் நின்றுபோனால் தவிக்காதபடி இரண்டு நாட்களைக் கூடுதலாகக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். பொதுத்தேர்வு எழுதும் பிள்ளை வீட்டில் இருந்தால் இவ்வாண்டு பொறுத்திருப்பதே உத்தமம்.

இரயிலை விரும்புவோர் பாந்திரா முனையத்திலிருந்து கட்ரா வரை ஸ்வராஜ் எக்ஸ்பிரஸில் செல்லலாம். 2025 ஜூனில் செனாப் ஆற்றின் மீது 359 மீட்டர் உயரத்தில் அமைந்த பாலம் திறக்கப்பட்டபின், கட்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கும் இரயில் உண்டு. ஸ்ரீநகரிலிருந்து குல்மார்க் சுமார் 50 கிலோமீட்டர். அடிவாரமான தங்மார்க்கில் கனத்த மேலங்கியும் ரப்பர் பூட்சும் வாடகைக்குக் கிடைக்கும். ஒரு வாரத்திற்காக அவற்றை விலைக்கு வாங்க வேண்டியதில்லை. பனி கிடக்கும் நாட்களில் அங்கிருந்து மேலே செல்லும் வண்டியின் சக்கரங்களில் சங்கிலி பூட்டியிருக்கிறதா என்று பார்த்து ஏறுங்கள். பருத்திக் காலுறை நனைந்தால் உலராது. கம்பளிக் காலுறையே ஏற்றது. பனியில் பட்டுத் தெறிக்கும் வெயில் கண்ணைக் கூசச் செய்யுமாதலால் கறுப்புக் கண்ணாடியும் வேண்டும்.

உயரத்தையும் மறவாதீர்கள். நம் நீலகிரியின் தொட்டபெட்டா சிகரம் 2,637 மீட்டர். குல்மார்க்கின் கடைவீதியே ஏறக்குறைய அவ்வளவு உயரத்தில் இருக்கிறது! அங்கிருந்து கம்பிவழி ஊர்தி முதலில் கோங்தூரிக்கும், பின்னர் சுமார் 3,950 மீட்டர் உயரத்திலுள்ள அபர்வத்துக்கும் ஏறுகிறது. இருதய நோயோ மூச்சிரைப்போ உள்ள பெரியவர்கள் மருத்துவரைக் கேளாமல் இரண்டாம் கட்டத்துக்கு ஏறலாகாது. சென்ற முதல் நாளே மேலே ஓடாமல், ஊரிலேயே நடந்து பழகுவது குழந்தைகளுக்கும் நல்லது. ஊர்திச் சீட்டை இணையத்தில் முன்னதாகவே பதிவு செய்துகொண்டால் தரகர்களின் தொல்லை இராது.

சறுக்குதலை விளையாட்டாக எண்ணிக் காலில் பலகையைக் கட்டிக்கொண்டு புறப்பட்டுவிடக் கூடாது. 1960-களின் இறுதியில் தோன்றிய மத்திய அரசின் பனிச்சறுக்கு மலையேற்றப் பயிற்சி நிலையம் அங்கேயே இருக்கிறது. நாள் குறைவாயின், அனுமதி பெற்ற உள்ளூர் ஆசிரியர் ஒருவரை அமர்த்திக்கொள்ளுங்கள். அவர் முதலில் கற்பிப்பது எவ்வாறு விழுவது, எவ்வாறு எழுவது என்பதையே. அப்புறம் பலகைகளின் முன்நுனிகளை நெருக்கிப் பின்புறத்தை அகற்றி வேகத்தைத் தடுக்கும் முறை. 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் இந்தியாவின் சார்பில் சறுக்கி, ஜயண்ட் ஸ்லாலம் போட்டியில் 45-ஆவதாக வந்த ஆரிஃப் கான் இவ்வட்டாரத்துப் பிள்ளையே. அவரும் விழுந்து எழுந்துதான் கற்றிருப்பார்!

குறித்த தடத்தை விட்டு விலகவே கூடாது. 2023 பிப்ரவரி 1 அன்று அபர்வத் சரிவில் பனிப்பாறை சரிந்து போலந்து நாட்டவர் இருவர் மாண்டனர். ஆசிரியர் “இன்று வேண்டாம்” என்றால், கொடுத்த பணத்தை நினைத்து வாதாடாதீர்கள். இரவில் அறையைச் சூடாக்க அடுப்போ கரிச்சட்டியோ வைத்தால், சாளரத்தைச் சிறிது திறந்துவையுங்கள். மூடிய அறையில் சேரும் கரிப்புகை உறக்கத்திலேயே உயிரைக் குடித்துவிடும்.

கடைசியாக ஒரு வார்த்தை. 2025 ஏப்ரலில் பஹல்காமில் நடந்த கொடிய தாக்குதலுக்குப் பின், பள்ளத்தாக்கின் பல சுற்றுலா இடங்கள் சில காலம் மூடப்பட்டன. ஆகவே புறப்படுமுன் அரசின் அறிவிப்பைப் பார்ப்பது அவசியம். சென்ற இடத்திலோ, சறுக்குவண்டி இழுப்பவரிடம் கூலியை முன்னதாகப் பேசி முடியுங்கள், முடித்தபின் குறைக்காதீர்கள். பனி விழாத ஆண்டில் நமக்கு நஷ்டம் ஒரு விடுமுறை; அவருக்கோ அவ்வாண்டின் அடுப்பே எரியாது. பிழைப்பைத் தேடி ஊர் விட்டு வந்த குடும்பங்கள் நாம். சீசனை நம்பி வாழ்பவரின் கவலை நமக்குப் புரியாதா? காலையில் அவ்வூர் ரொட்டியையும் உப்பிட்ட தேநீரையும் அவர்களோடு அருந்திப் பாருங்கள். பனியைக் காணாமலே திரும்ப நேர்ந்தாலும், போன பயணம் வீணாகிவிடாது.