குளித்த பிறகு உடம்பு கடிக்கிறதா?



எங்கள் ஆலோசனை மேசைக்கு வருகிறவர்கள் கேஸ் விஷயமெல்லாம் கதைத்து முடித்து, கடிதங்களைப் பைக்குள் வைத்து எழும்பும்போதுதான் மெல்லக் கேட்பார்கள்: "ரீச்சர், இன்னொரு சின்ன விஷயம். குளிச்சால் உடம்பெல்லாம் கடிக்குது. இது என்ன வருத்தம்?"

இதைக் கேட்க வெட்கப்படத் தேவையில்லை. நான் இங்கிலாந்துக்கு வந்த முதல் மாரியில் எனக்கும் இதே கடிதான். கால் இரண்டும் வெள்ளை வெள்ளையாகப் பொருக்கு வெடித்து, இரவில் நித்திரையில்லாமல் சொறிந்துகொண்டிருந்தேன். ஏதோ பெரிய வருத்தம் எண்டு பயந்தேன். கடைசியில் பார்த்தால், நான் குளித்த விதம்தான் பிழை. பெரும்பாலானவர்களுக்கு இது அப்படித்தான். சிலருக்கு மட்டும் வேறு காரணம் இருக்கும். இரண்டையும் பிரித்து அறிய இந்தக் கட்டுரை உதவும்.

ஏன் கடிக்கிறது?

"லண்டன் தண்ணியில் சுண்ணாம்பு" எண்டு எல்லோரும் சொல்வார்கள். அது உண்மை. லண்டனிலும் தென்கிழக்கு இங்கிலாந்திலும் தண்ணீர் சுண்ணாம்புப் பாறைகளுக்கு ஊடாக வருவதால் அதில் கல்சியமும் மக்னீசியமும் அதிகம். கேத்திலுக்குள் படிகிற வெள்ளைப் பொருக்கு அதுதான். குடிப்பதற்கு ஒரு கெடுதலும் இல்லை. ஆனால் இந்தத் தண்ணியில் சவர்க்காரம் நன்றாக நுரைக்காது, கழுவினாலும் தோலில் கொஞ்சம் ஒட்டி நிற்கும். ஸ்கொட்லாந்து, வேல்ஸ், வடமேற்கு இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டவர்களுக்குப் பெரும்பாலும் மென்மையான தண்ணீர்தான்.

ஆனால் ஒன்றை யோசியுங்கள். யாழ்ப்பாணத்துக் கிணத்துத் தண்ணியும் சுண்ணாம்புக் கல்லில் ஊறி வருகிற தண்ணிதானே? அங்கே ஏன் கடிக்கவில்லை? அங்கே காற்றில் ஈரம் இருந்தது, கிணத்தடியில் பச்சைத் தண்ணியில் குளித்தோம், முழுகுகிற நாளில் நல்லெண்ணெய் வைத்தோம். இங்கே வெளியில் குளிர், உள்ளே நாள் முழுக்க ஹீற்றர். காற்று காய்ந்து கிடக்கிறது. குளிருக்குப் பயந்து கொதிக்கிற தண்ணிக்குக் கீழே அரை மணித்தியாலம் நிற்கிறோம். அந்தச் சுடுதண்ணி தோலில் இருக்கிற இயற்கையான எண்ணெயைக் கழுவிக்கொண்டு போய்விடுகிறது. பிறகு தோல் காய்ந்து இழுக்கும், கடிக்கும்.

குளிக்கும் முறையை மாற்றுங்கள்

1. தண்ணி இளஞ்சூடாக இருக்கட்டும். 5 தொடக்கம் 10 நிமிடம் போதும்.

2. சவர்க்காரத்தை அக்குள், தொடையிடுக்கு, பாதம் ஆகிய இடங்களுக்கு மட்டும் போடுங்கள். வாசனை இல்லாதது நல்லது. கைகால் முழுக்கத் தேய்க்க வேண்டியதில்லை.

3. தண்ணிக்குள் டெட்டோல் போன்ற கிருமிநாசினி ஊற்றாதீர்கள். காய்ந்த தோலை அது இன்னும் எரிக்கும்.

4. துவாயால் உரஞ்சாமல் ஒற்றி எடுங்கள். தோலில் ஈரம் இருக்கும்போதே, சில நிமிடங்களுக்குள், கிரீம் பூசுங்கள். இதுதான் மிக முக்கியம். தோல் முழுக்கக் காய்ந்த பிறகு பூசினால் அரைவாசிப் பலன்தான்.

5. கம்பளி ஸ்வெற்றரை வெறும் தோலில் போடாதீர்கள். உள்ளே பருத்தி உடுப்புப் போடுங்கள். அறைக்குள் கை பேசினில் உடுப்புத் தோய்க்கிறவர்கள், பவுடர் போகும்வரை இரண்டு மூன்று தரம் அலசுங்கள்.

எந்தக் கிரீம், எந்த எண்ணெய்?

விலை கூடியது தேவையில்லை. வாசனையில்லாத சாதாரண ஈரப்பதக் கிரீம் போதும். சுத்தமான தேங்காய் எண்ணெய் மெல்லிதாகப் பூசலாம். கடுகெண்ணெய் வேண்டாம், அது தோலை எரிக்கும். எண்ணெய் பூசிக்கொண்டு குளிப்பவர்கள், குளித்து முடிய பாத் தொட்டியைக் கழுவி விடுங்கள். பொதுக் குளியலறையில் அடுத்தவர் வழுக்கி விழுந்தால் வீண் பிரச்சினை.

கவனம்: மருத்துவக் கிரீம்கள் உடுப்பிலும் படுக்கை விரிப்பிலும் ஊறிக் காய்ந்தால் சுலபமாகத் தீப்பிடிக்கும். சிகரெட், மெழுகுதிரி, காஸ் அடுப்புக்குப் பக்கத்தில் போகவேண்டாம்.

கடைகளில் விற்கிற "வெள்ளையாக்கும்" கிரீம்களைத் தொடவே வேண்டாம். சிலவற்றில் கடுமையான ஸ்டீரொயிட் கலந்திருக்கும். முதல் கிழமை கடி நின்றது போலத் தெரியும். பிறகு தோல் மெலிந்து, விட்டவுடன் இரண்டு மடங்காகத் திரும்பி வரும்.

இது சொறியாக இருக்குமோ?

ஒரு அறையில் நாலைந்து பேர் படுக்கிற இடங்களில் ஸ்கேபிஸ் என்கிற சொறி பரவும். கடி இரவில் கூடுகிறதா? விரல் இடுக்கு, மணிக்கட்டு, இடுப்பு ஆகிய இடங்களில் சின்னப் பருக்கள் தெரிகின்றனவா? அறையில் இன்னொருவரும் சொறிகிறாரா? அப்படியென்றால் அது தண்ணியால் வந்த கடி இல்லை. கண்ணுக்குத் தெரியாத சின்னப் பூச்சி. ஊத்தையால் வருவதுமில்லை. தோலோடு தோல் நெருங்கி இருப்பதால் வருவது.

இதற்கு பெர்மெத்ரின் என்ற 5 வீதக் கிரீம் உண்டு. பாமசியில் சொல்கிறபடி பூசி, 7 நாளுக்குப் பிறகு இன்னொரு தரம் பூச வேண்டும். அறையில் உள்ள எல்லோரும், கடி இல்லாதவரும், ஒரே நாளில் பூச வேண்டும். ஒருவர் தவறினால் எல்லோருக்கும் திரும்ப வரும். உடுப்பு, விரிப்பு, துவாய் எல்லாவற்றையும் 60 பாகை சூட்டில் தோயுங்கள். தோய்க்க முடியாததைப் பிளாஸ்ரிக் பையில் கட்டி 3 நாளாவது வையுங்கள். மருந்து வேலை செய்த பிறகும் சில கிழமைக்குக் கடி இருக்கலாம், பயப்படாதீர்கள். தங்குமிடப் பொறுப்பாளரிடமோ மைகிறன்ற் ஹெல்ப் தொலைபேசியிலோ அறிவியுங்கள். ஒளித்து வைத்தால் மற்றப் பிள்ளைகளுக்கும் தொற்றும்.

தழும்பு உள்ளவர்களுக்கு

இதை எழுதத்தான் முக்கியமாகப் பேனை எடுத்தேன். எரிகாயத் தழும்புகள் சூட்டிலும் வறட்சியிலும் மோசமாகக் கடிக்கும். ஒரு தம்பி முதுகுத் தழும்பு கடித்து இரத்தம் வருமளவுக்குச் சொறிந்தும் ஒன்றும் பூசவில்லை. "கிரீம் பூசினால் தழும்பு மறைஞ்சிடும், பிறகு ஹோம் ஒபிஸ் என்னை நம்பாது" என்றார். மாதக்கணக்கில் அப்படியே இருந்திருக்கிறார்.

ஈரப்பதக் கிரீம் தழும்பை அழிக்காது. வலியைத் தாங்கிக்கொண்டிருப்பது சாட்சியும் ஆகாது. டாக்குத்தரிடம் காட்டி, எந்த இடத்தில், எப்படி வந்தது என்று பதிவு செய்விப்பதுதான் சாட்சிக்கு உதவும். உங்கள் சட்டத்தரணியிடமும் சொல்லுங்கள். 1985இல் தொடங்கப்பட்ட ஃப்ரீடம் ஃப்ரொம் ரோச்சர் போன்ற நிறுவனங்களின் மருத்துவ அறிக்கைக்கு அவர் மூலம் விண்ணப்பிக்கலாம்.

தண்ணியாலேயே சித்திரவதைப்பட்டவர்களும் நம்மில் இருக்கிறார்கள். ஷவர் முகத்தில் விழும்போது நெஞ்சு பதறினால், வாளியும் கோப்பையும் வைத்துக் குளியுங்கள். டாக்குத்தரிடம் அதையும் சொல்லுங்கள். அதற்கும் உதவி உண்டு.

இன்ரவியூவும் கடிக் குளிசையும்

ஊரில் பழகிய பிரிட்டன் குளிசை இங்கேயும் பாமசியில் கிடைக்கும். அது தூக்கத்தைத் தரும். இரவில் போட்டாலும் சிலருக்கு அடுத்த நாள் காலை வரை மந்தமாக இருக்கும். இன்ரவியூவுக்கு முதல் போட்டுவிட்டுப் போய், திகதிகளை மாறிச் சொல்லி, பின்னர் அதைத் திருத்தப் பட்ட பாட்டை நான் கண்டிருக்கிறேன். தூக்கம் குறைந்த செற்றிரிசின் போன்றவை உண்டு, பாமசிஸ்டிடம் கேளுங்கள். எந்தக் குளிசையையும் முதன்முதலாக இன்ரவியூ நாளில் போடாதீர்கள். போட்டிருந்தால் தொடங்க முன்னரே அதிகாரியிடம் சொல்லிப் பதியச் செய்யுங்கள்.

எப்போது டாக்குத்தரிடம் போக வேண்டும்?

* மேலே சொன்னபடி இரண்டு கிழமை செய்தும் குறையவில்லை என்றால்.
* தோலில் ஒன்றும் தெரியாமல், எந்தத் தண்ணி பட்டாலும் குத்துவது போலக் கடித்தால். அபூர்வமாக, இரத்தச் சிவப்பணுக்கள் அளவுக்கு மிஞ்சிப் பெருகும் பொலிசைதீமியா வேரா என்ற நோயின் அடையாளமாக இது இருக்கலாம். இரத்தப் பரிசோதனை தேவை.
* உடம்பு மெலிதல், இரவு வியர்வை, கண் மஞ்சளாதல் இருந்தால்.
* குளிர்ந்த தண்ணி பட்டால் தடிப்புத் தடிப்பாக எழும்பினால். இவர்கள் கடலிலோ குளத்திலோ திடீரென்று இறங்கக் கூடாது.
* கர்ப்பிணிகளுக்கு உள்ளங்கை, உள்ளங்காலில் கடி வந்தால் அன்றைக்கே மருத்துவிச்சியை அழையுங்கள்.
* உதடு, நாக்கு வீங்கினால், மூச்சு முட்டினால் உடனே 999.

இங்கிலாந்தில் ஜீபியிடம் பதிய பாஸ்போட்டோ, விசாவோ, விலாச அத்தாட்சியோ கட்டாயமில்லை. ரிசெப்ஷனில் "இல்லை" என்றால் எங்களிடம் வாருங்கள், கடிதம் தருகிறோம். அசைலம் உதவிப் பணம் பெறுகிறவர்களுக்கு எச்.சி.2 சான்றிதழ் வரும். அதைக் காட்டினால் டாக்குத்தர் எழுதிய மருந்து இலவசம். அதில் உள்ள முடிவுத் திகதியைப் பாருங்கள். அவசரமில்லாத ஆலோசனைக்கு 111.

மொழிபெயர்ப்பாளர் இலவசம். பிள்ளைகளைக் கொண்டு மொழிபெயர்க்காதீர்கள். இந்த இரண்டு வசனத்தையும் பாடமாக்குங்கள்:

"ஐ நீட் எ டமிழ் இன்ரர்பிறற்றர், பிளீஸ்."

"மை ஸ்கின் இற்சஸ் ஆஃப்ரர் எ ஷவர்."

பள்ளிக்கூடத்தில் சொன்னது போல, பத்துத் தரம் சொல்லிப் பாருங்கள், வந்துவிடும்.

நாடு விட்டு வந்தவருக்கு ஆயிரம் கவலை. அதற்குள் தோல் கடியை ஒரு வருத்தமாக யார் எண்ணுவார்? ஆனால் இரவு நித்திரை இல்லாதவனால் அடுத்த நாள் தன் கதையை ஒழுங்காகச் சொல்ல முடியாது. ஆகவே சின்ன விஷயம் எண்டு விடாதீர்கள். எழும்பும்போது அல்ல, வந்து இருந்தவுடனேயே கேளுங்கள்.