மோண்டா மார்க்கெட்டில் தாய்லாந்து

அக்கம்பக்கத்து அடுப்புகள் – 9

போன வாரம் பர்மாவில் இருந்தோம். அங்கிருந்து கரையோரமாகத் தெற்கே இறங்கினால் மெர்குயி வரும். இன்று அதன் பெயர் மியேக். இப்போது மியான்மரில் இருக்கும் இந்தத் துறைமுகம் 17-ஆம் நூற்றாண்டில் சயாம் அரசரின் கையில் இருந்தது. வங்காள விரிகுடாவைக் கடந்து வரும் இந்தியக் கப்பல்கள் இங்கே சரக்கை இறக்கும். ஆற்று வழியிலும் மலைப் பாதையிலுமாக அது தலைநகர் அயுத்தியா போய்ச் சேரும். அந்தக் கப்பல்களில் பல புறப்பட்ட இடம் மசூலிப்பட்டினம், கோல்கொண்டா சுல்தான்களின் பெரிய துறைமுகம். இங்கிருந்து பருத்தித் துணிகள் போயின. அங்கிருந்து யானைகள்கூடக் கப்பலேறி வந்தன. அந்தக் கோல்கொண்டா அரசர்கள் 1591-இல் உருவாக்கிய ஹைதராபாத்தில் இருந்துகொண்டுதான் இந்த வாரம் தாய்லாந்துச் சமையலைப் பற்றி எழுதுகிறேன்.

இந்த உறவு அதற்கும் பழையது. தாய்லாந்தின் மேற்குக் கரையில் தக்குவா பா என்ற ஊரில் 9-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. அங்கே வெட்டிய ஒரு குளத்தைப் பற்றியும் அதைக் காத்த மணிக்கிராமத்து வணிகர்களைப் பற்றியும் அது சொல்கிறது. குளம் வெட்டும் அளவுக்குத் தங்கியவர்கள் அங்கேதான் சமைத்தும் சாப்பிட்டும் இருப்பார்கள்.

இவ்வளவு பக்கத்து அடுப்பை நாம் இன்று எட்டாத தூரத்தில் வைத்திருக்கிறோம். தாய்லாந்து உணவென்றால் ஜூபிலி ஹில்ஸில் மேசை பதிவுசெய்து சாப்பிடுவது, இல்லையென்றால் சூப்பர் மார்க்கெட்டில் இறக்குமதி அலமாரிக்குப் போய் ஒரு பாட்டில் விழுது வாங்குவது என்று ஆகிவிட்டது. அந்த அலமாரிப் பக்கம் போகாமலேயே பெரும்பகுதியைச் சமைக்க முடியும். செகந்திராபாத் மோண்டா மார்க்கெட்டில் ஒரு சுற்று சுற்றினால் போதும். பச்சைப் பப்பாளி, காராமணிக்காய், சின்ன வெங்காயம், புளி, வேர்க்கடலை, தேங்காய், எலுமிச்சை, ஊசிபோன்ற பச்சை மிளகாய் எல்லாம் பைக்குள் வந்துவிடும். தாய்லாந்துக்காரர் சந்தைக்குப் போனாலும் இவற்றைத்தான் வாங்குவார்.

பச்சைப் பப்பாளி இந்த ஊரில் எல்லா நாளும் கிடைப்பதற்கு ஒரு காரணம் உண்டு. பிரியாணிக்கும் கபாபுக்கும் ஊறவைக்கும் இறைச்சியை மென்மையாக்க அதன் விழுதைத்தான் சேர்க்கிறார்கள். கடைக்காரரிடம் ‘பச்சி பொப்பாயி’ என்று கேளுங்கள். மல்லிக்கட்டை வேரோடு வாங்குங்கள். நாம் வெட்டி எறியும் அந்த வேரைத் தாய்லாந்தில் பூண்டோடும் மிளகோடும் சேர்த்து இடித்து எத்தனையோ உணவுகளுக்கு அடிப்படையாக வைக்கிறார்கள். தெலங்கானாவில் கோடை வந்ததும் புளியங்கொழுந்தை இறைச்சியோடு சேர்த்துச் சமைப்பார்கள்; சிந்தச்சிகுரு என்று கேட்டாலே இந்த ஊர்க்காரர் முகம் மலரும். அதே புளியங்கொழுந்து தாய்லாந்திலும் புளிப்புச் சாறுகளில் விழுகிறது.

கொஞ்சம் தேட வேண்டியவை மூன்று. முதலாவது எலுமிச்சைப்புல், தெலுங்கில் நிம்மகட்டி. இதில் இரண்டு வகை உண்டு. எண்ணெய் எடுப்பதற்காக வளர்ப்பது தண்டு மெலிந்தது. சமையலுக்கு அடித்தண்டு தடித்துக் குமிழாக இருக்கும் வகை வேண்டும். ஒரு தண்டை வேரோடு தொட்டியில் நட்டால் பால்கனி வெயிலில் புதராக வளர்ந்துவிடும். சமையலுக்கு அடியில் இருக்கும் நாலு விரல் நீள வெள்ளைப் பகுதிதான். மேலே இருக்கும் இலையைத் தேநீருக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது பேரரத்தை. பார்க்க இஞ்சிபோல இருந்தாலும் வாசனை வேறு. பைன் மரப் பிசினை நினைவூட்டும் கூர்மை அதில் உண்டு. இஞ்சி அதற்கு ஈடாகாது. பச்சையாகக் கிடைக்காத நாளில், பழைய ஹைதராபாத்தின் யூனானி மருந்துச் சரக்குக் கடைகளில் ‘குலஞ்ஜன்’ என்று கேட்டால் காய்ந்த வேர் கிடைக்கும். சாறில் கொதிக்கவைக்க அது போதும். விழுதாக அரைக்க மட்டும் பச்சை வேர் வேண்டும்.

மூன்றாவது மக்ரூத் எலுமிச்சையின் இலை, ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிய இரட்டை இலையாக இருப்பது. அது இல்லையென்றால் நம் நாரத்தை இலை இருக்கிறது. வேப்பிலைக்கட்டி இடிக்கிற வீடுகளுக்கு அதன் வாசனை தெரியும். நடு நரம்பைக் கிழித்து எறிந்துவிட்டுப் போடுங்கள். அச்சு அசலாக அந்த மணம் வராது, ஆனால் குடும்பம் அதே குடும்பம்.

ஒரே ஒரு பாட்டிலை மட்டும் வாங்கத்தான் வேண்டும்: மீன் சாஸ். நெத்திலியை உப்பில் போட்டு ஓராண்டோ அதற்கு மேலோ புளிக்கவைத்து வடித்த சாறு அது. மூக்கருகே கொண்டுபோனால் முகம் சுளிக்க வைக்கும். எலுமிச்சையும் வெல்லமும் சேர்ந்ததும் அந்த வாடை அடங்கி ஆழமான ஒரு ருசி மட்டும் நிற்கும். பத்மாராவ் நகரின் என் சைவ நண்பர்களுக்கு நான் சொல்வது இது: லைட் சோயா சாஸில் கொஞ்சம் உப்பைக் கூட்டிக்கொள்ளுங்கள். ருசி மாறும், சமநிலை கெடாது.

சமநிலைதான் இந்தச் சமையலின் உயிர். உப்பு, புளிப்பு, இனிப்பு, காரம் நான்கும் ஒரே வாயில் தெரிய வேண்டும், எதுவும் மற்றதை அமுக்கக் கூடாது. எலுமிச்சை ஒவ்வொன்றும் ஒரு புளிப்பு, மிளகாய் ஒவ்வொன்றும் ஒரு காரம். அதனால் கீழே தரும் அளவுகளைத் தொடக்கமாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கடைசி அளவை உங்கள் நாக்குதான் சொல்லும்.

சோம் தாம்: பச்சைப் பப்பாளி சாலட்

முதலில் இதைச் செய்யச் சொல்வேன். அடுப்பே வேண்டாம், சமநிலையைக் கற்றுக்கொடுக்க இதைவிட நல்ல வாத்தியார் இல்லை.

பப்பாளியைத் தோல் சீவி, பால் போகக் கழுவி, தீக்குச்சி கனத்தில் நீளமாகச் சீவுங்கள். இரண்டு பேருக்கு இரண்டு கப் போதும். ஐஸ் தண்ணீரில் கால் மணி நேரம் போட்டு வடித்தால் மொறுமொறுப்பாக நிற்கும். உரலில் 3 பல் பூண்டையும் 3 பச்சை மிளகாயையும் ஒன்றிரண்டாக இடியுங்கள். ஒன்றரை டேபிள்ஸ்பூன் பொடித்த வெல்லம் சேர்த்துக் கரையும்வரை நசுக்குங்கள். விரல் நீளத்துக்கு நறுக்கிய 4 காராமணிக்காய், வறுத்த வேர்க்கடலை 2 டேபிள்ஸ்பூன், இரண்டாக நறுக்கிய 6 சின்னத் தக்காளி ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் போட்டு லேசாகத் தட்டுங்கள். எலுமிச்சைச் சாறு 2 டேபிள்ஸ்பூன், மீன் சாஸ் ஒன்றரை டேபிள்ஸ்பூன் விட்டு, கடைசியில் பப்பாளியைப் போட்டு, ஒரு கையில் கரண்டியால் புரட்டியபடி மறுகையால் மெல்ல இடியுங்கள். பப்பாளி நசுங்கக் கூடாது. சாறு உள்ளே இறங்கும் அளவுக்கு அடிபட்டால் போதும்.

தாய்லாந்தில் இதற்கு மண் உரலும் மர உலக்கையும் வைத்திருப்பார்கள். நம் கல்லுரல் கனமானது, அதனால் கை இன்னும் மென்மையாக இருக்கட்டும். உரல் சிறியதென்றால் சாறை மட்டும் அதில் இடித்து, பப்பாளியைப் பாத்திரத்தில் கையால் பிசிறிவிடுங்கள். வறுத்த சென்னாக்கூனி ஒரு ஸ்பூன் சேர்க்கலாம். கருப்பட்டி போடுவதாக இருந்தால் அளவைக் குறையுங்கள். அதன் புகைவாசம் அழுத்தமானது.

டோம் யம்: இறால் சாறு

2024-இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்த உணவு இது. ராம்நகர் மீன் மார்க்கெட்டில் தலையோடு 300 கிராம் இறால் வாங்குங்கள். தலையும் ஓடும்தான் இந்தச் சாறின் பலம், அவற்றைக் கடையிலேயே விட்டுவிட்டு வராதீர்கள். ஒரு ஸ்பூன் எண்ணெயில் அவை சிவக்க வதக்கி, 5 கப் தண்ணீர் ஊற்றி, கால் மணி நேரம் கொதிக்கவைத்து வடிகட்டுங்கள்.

வடித்த சாறில் தட்டி நசுக்கிய இரண்டு எலுமிச்சைப்புல் தண்டு, பேரரத்தை 6 வில்லை, மக்ரூத் இலை 5 போட்டு ஐந்து நிமிடம் கொதிக்கவிடுங்கள். இவை வாசனைக்கு மட்டும். சாப்பிடும்போது ஒதுக்கிவிட வேண்டும். பிறகு 150 கிராம் காளான், அது வெந்ததும் உரித்த இறால். இரண்டு நிமிடத்தில் இறால் சுருண்டு நிறம் மாறும், உடனே அடுப்பை அணையுங்கள். அணைத்த பிறகுதான் மீன் சாஸ் 2 டேபிள்ஸ்பூன், நசுக்கிய மிளகாய் 4, எலுமிச்சைச் சாறு 3 டேபிள்ஸ்பூன். எலுமிச்சை ரசத்தில் நாம் கடைப்பிடிக்கும் அதே ஒழுங்கு இங்கும் பொருந்தும்: கொதிக்கும்போது பிழிந்தால் கசந்துவிடும்.

மஸ்ஸமன்: கடல் கடந்த மசாலா

பெரும்பாலான தாய்லாந்துக் குழம்புகள் பச்சை வேர்களையும் இலைகளையும் நம்பி நிற்பவை. மஸ்ஸமனில் மட்டும் பட்டை, கிராம்பு, ஏலக்காய், ஜாதிக்காய், சீரகம், மல்லி என்று நம் அஞ்சறைப்பெட்டி முழுதும் இருக்கிறது. முஸ்லிம் வணிகர்களின் தொடர்பில் உருவான குழம்பு என்றே இதைக் கருதுகிறார்கள். 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அயுத்தியாவில் குடியேறிய பாரசீக வணிகர் கோம் நகரத்து ஷேக் அகமது. அவருடைய வழிவந்த புன்னாக் குடும்பம் பல தலைமுறைகளுக்குச் சயாமின் உயர்ந்த பதவிகளில் இருந்தது. நாராய் அரசர் ஆண்ட 1656 முதல் 1688 வரையான காலத்தில் பாரசீகர்களின் செல்வாக்கு அந்த அரசவையில் ஓங்கியிருந்தது. அதே காலத்தில் கோல்கொண்டாவின் அரசவையிலும் மசூலிப்பட்டினத்துச் சந்தையிலும் பாரசீக மொழி பேசும் வணிகர்கள்தான் முன்வரிசையில் இருந்தார்கள். ஒரே வணிக வலையின் இரண்டு முனைகள் இவை.

ஹைதராபாத்தின் மிர்ச்சி கா சாலனையும் பகாரா பைங்கனையும் எடுத்துக்கொள்ளுங்கள். வேர்க்கடலை, தேங்காய், புளி, அவற்றின் மேல் மசாலா. மஸ்ஸமனிலும் வேர்க்கடலை, தேங்காய்ப்பால், புளி, மசாலா. ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது என்று சொல்ல ஆதாரம் என்னிடம் இல்லை. ஆனால் சாலன் ருசித்து வளர்ந்த நாக்குக்கு மஸ்ஸமனை அறிமுகப்படுத்தவே வேண்டியதில்லை. என் வீட்டுக்கு வரும் இந்த ஊர் நண்பர்கள் மறுகேள்வி இல்லாமல் இரண்டாம் முறை கேட்டு வாங்கும் தாய்லாந்து உணவு இதுதான்.

மல்லி ஒரு டேபிள்ஸ்பூன், சீரகம் ஒரு டீஸ்பூன், விரல் நீளப் பட்டை, கிராம்பு 3, ஏலக்காய் 3 ஆகியவற்றை வெறும் சட்டியில் வறுத்துப் பொடியுங்கள். கொஞ்சம் ஜாதிக்காயைத் துருவிச் சேருங்கள். சின்ன வெங்காயம் 6, பூண்டு 6 பல் இரண்டையும் தோலோடு சுட்டு உரியுங்கள். ஊறவைத்த காஷ்மீரி மிளகாய் 6, எலுமிச்சைப்புல் ஒரு தண்டு, பேரரத்தை 3 வில்லை, கொஞ்சம் உப்பு, பொடித்த மசாலா எல்லாவற்றையும் சேர்த்து விழுதாக அரையுங்கள். அம்மி இருந்தால் அம்மி. மிக்ஸியில் அரைத்தால் தண்ணீரைத் தெளித்து மட்டும் அரைக்க வேண்டும்.

இனி ஒரு முழுத் தேங்காயில் முதற்பால் ஒரு கப், இரண்டாம் பால் இரண்டு கப் எடுத்துக்கொள்ளுங்கள். சொதிக்கு நாம் இரண்டாம் பாலில் காயை வேகவைத்து, முதற்பாலைக் கடைசியில் ஊற்றி, திரியாமல் இறக்குவோம். தாய்லாந்தில் இந்த வரிசை தலைகீழ். முதற்பாலை முதலில் வாணலியில் ஊற்றி, எண்ணெய் பிரிந்து திரளும்வரை காய்ச்சுகிறார்கள். அந்த எண்ணெயில்தான் விழுது வதங்குகிறது. டப்பாப் பாலில் கெட்டிப்படுத்தும் பொருள்கள் சேர்ந்திருந்தால் எளிதில் பிரியாது. கோனசீமாத் தேங்காயை வீட்டில் பிழிந்தால் சில நிமிடங்களில் பிரிந்துவிடும்.

விழுது மணம் வந்து எண்ணெய் கக்கியதும் அரை கிலோ கோழித் தொடைத் துண்டுகளைப் போட்டுப் புரட்டி, இரண்டாம் பால், பெரிய துண்டுகளாக நறுக்கிய 2 உருளைக்கிழங்கு, முழுச் சின்ன வெங்காயம் 8, வறுத்த வேர்க்கடலை கால் கப் சேர்த்து, மூடாமல் சிறு தீயில் வேகவிடுங்கள். சைவத்துக்குக் கோழிக்குப் பதில் பரங்கிக்காயும் வேகவைத்த கொண்டைக்கடலையும் நன்றாகச் சேரும். இறுதியில் புளிக்கரைசல் 2 டேபிள்ஸ்பூன், மீன் சாஸ் 2 டேபிள்ஸ்பூன், வெல்லம் ஒன்றரை டேபிள்ஸ்பூன். கலந்து ருசி பாருங்கள். புளிப்பு முந்தினால் வெல்லம், இனிப்பு முந்தினால் புளி, இரண்டும் தட்டையாகத் தெரிந்தால் மீன் சாஸ். மல்லிகை அரிசி தேடி அலைய வேண்டாம், குழையாமல் வடித்த சோனா மசூரிச் சோறே போதும்.

கடை விழுதை நான் குறை சொல்லவில்லை. வேலை முடிந்து இரவு எட்டு மணிக்கு வீடு திரும்புகிறவருக்கு அது பெரிய உதவி. ஆனால் ஒருமுறையாவது இந்த விழுதைக் கையால் அரைத்துப் பார்த்தவர், அடுத்த முறை பாட்டிலைத் திறக்கும்போது அதில் எது குறைகிறது, எதைச் சேர்க்க வேண்டும் என்று தானே கண்டுகொள்வார். அந்தத் தெளிவு வந்தவருக்குச் சமையல் குறிப்பின் அளவுகள் தேவைப்படாது. இந்த ஞாயிறு சோம் தாமில் தொடங்குங்கள், அடுத்த ஞாயிறு சாறு, மூன்றாவது ஞாயிறு மஸ்ஸமன். மூன்றுக்குமே ஒரு எலுமிச்சையைத் தனியாக எடுத்து வையுங்கள். கடைசி நேரத்தில் அது நிச்சயம் வேண்டியிருக்கும்.

(அடுத்த வாரம்: இந்தோனேசியாவின் தெம்பே)