ஒருபக்கத் தலைவலி: நோயைக் காட்டித்தரும் கால அளவு

தலையின் ஒரு பக்கத்தில் மட்டும் வரும் வலியைத் தமிழில் ஒற்றைத் தலைவலி என்று அழைப்பது வழக்கம். மைக்ரேன் நோய்க்கும் இதுவே பெயராக வழங்குகிறது. ஆனால் ஒருபக்கமாக வரும் தலைவலிகள் அனைத்தும் மைக்ரேன் அல்ல. இந்த வேறுபாடு கவனிக்கப்படாததால், சைனஸ் தொல்லை அல்லது பல்வலி என்று கருதி ஆண்டுக்கணக்கில் பயனற்ற சிகிச்சை பெறுவோர் உண்டு. நல்ல பற்களைப் பிடுங்கிக்கொண்டவர்களும் உண்டு.

வேறொரு நோயின் விளைவாக அன்றித் தானே தோன்றும் தலைவலிகள் முதன்மைத் தலைவலிகள் எனப்படுகின்றன. இவற்றில் ஒரு பிரிவில், ஒரு பக்கத்தில் கண்ணைச் சுற்றிக் கடும் வலி ஏற்படும். அதே பக்கத்துக் கண் சிவந்து நீர் வடியும், மூக்கு அடைத்துக்கொள்ளும்.

இப்பிரிவைச் சேர்ந்த நோய்களைப் பிரித்தறிய, வலி நீடிக்கும் நேரமே முக்கியத் தடயம்.

க்ளஸ்டர் தலைவலி 15 நிமிடங்கள் முதல் 3 மணி நேரம் வரை நீடிக்கும். மைக்ரேன் நோயாளி இருட்டறையில் அசையாமல் படுத்திருக்க விரும்புவார். க்ளஸ்டர் நோயாளியோ இருப்புக்கொள்ளாமல் நடந்துகொண்டிருப்பார்.

பராக்ஸிஸ்மல் ஹெமிக்ரேனியா என்ற நோயில் வலி 2 முதல் 30 நிமிடங்களில் அடங்கிவிடும். ஆனால் பெரும்பாலும் ஒரே நாளில் ஐந்து முறைக்கு மேல் திரும்ப வரும். ஹெமிக்ரேனியா கன்டினுவா என்ற நோயிலோ வலி மாதக்கணக்கில் இடைவிடாது தொடரும்.

சரியான பெயர் தெரிந்தால்தான் சரியான மருந்து கிடைக்கும். இரு ஹெமிக்ரேனியா நோய்களும் இந்தோமெத்தசின் மாத்திரைக்கு முற்றிலும் கட்டுப்படுகின்றன. வலி அவ்வாறு நீங்குவதே நோயை உறுதிசெய்யும் அடையாளங்களில் ஒன்று. ஆயினும் இம்மருந்து இரைப்பையில் புண் உண்டாக்கக்கூடும் என்பதால் மருத்துவரின் கண்காணிப்பு அவசியம்.

க்ளஸ்டர் தலைவலிக்கு இம்மாத்திரை பொதுவாகப் பயன்படுவதில்லை. அதைத் தணிக்கச் சுமாட்ரிப்டான் ஊசியோ, முகமூடி வழியாகச் செலுத்தப்படும் தூய ஆக்ஸிஜனோ தேவை. பிரிட்டனில் நடத்தப்பட்டு 2009இல் வெளியான ஆய்வில், ஆக்ஸிஜன் தரப்பட்டபோது 78 சதவீத வலித்தாக்குதல்கள் 15 நிமிடங்களில் போதிய அளவு தணிந்தன. சாதாரணக் காற்று தரப்பட்டபோது தணிந்தவை 20 சதவீதம் மட்டுமே. வலி வராமல் தடுக்க வெரபமில் மாத்திரை தரப்படுகிறது. அப்போது ஈசிஜி பரிசோதனை அவசியம்.

மூளையில் வேறு கோளாறு இல்லை என்பதை உறுதிசெய்ய எம்ஆர்ஐ ஸ்கேன் எடுக்கப்படுவதும் உண்டு. ஆனால் முதன்மைத் தலைவலி எது என்பதை ஸ்கேன் சொல்லிவிடாது. வலி தொடங்கும் நேரத்தையும் அடங்கும் நேரத்தையும் சில வாரங்களுக்கு எழுதி வைத்து மருத்துவரிடம் காட்டினால், நோயை இனங்காண அது பெரிதும் துணைபுரியும்.